ஐந்தாவது நினா

என் ஆசை மச்சாள் நிறோஜினிக்கு,

முதலில் ஒரு செய்தி. வகுப்பில் நீ வாசிக்க வேண்டிய பாதியை நானே வாசித்துவிட்டேன். கோபிக்காதே. நீ இருந்திருந்தால் என்னை மைக்குக்குக் கிட்டவும் விட்டிருக்க மாட்டாய். "உன்ரை வாய் சண்டை பிடிக்கத்தான் சரி, வரலாறு சொல்லச் சரிவராது" என்று நீ சொல்வது காதில் கேட்கக் கேட்கத்தான் எழுந்து போனேன்.

கோவில் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச்சொல்லிப் பாதர் கேட்டிருந்தார். அன்பானவள், பண்பானவள், பாடற்குழுவில் முன்வரிசையில் நின்றவள் என்று எழுதினால் அரைப் பக்கம் நிரம்பிவிடும். எழுதியும் பார்த்தேன். அது யாரோ ஒரு நல்ல பிள்ளையைப் பற்றியதாக இருந்தது, உன்னைப் பற்றியதாக இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். பாதர் விரும்பினால் போடட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

இதை மாமியும் வாசிப்பார். வாசிக்கட்டும். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராத ஒன்று இதற்குள் இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சினக்காதே. வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். உன் அம்மா என் அப்பாவின் தங்கை, எனக்கு மாமி. இங்கே இத்தாலியில், சீசா என்கிற பகுதியில், ஒரே கட்டடத்தில் நீங்கள் மூன்றாம் மாடி, நாங்கள் முதலாம் மாடி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், கடைசியில் பல்கலைக்கழகத்திலும் ஒரே வரலாற்று வகுப்பு. எனக்கு வேறு பாடம் எடுக்கத்தான் ஆசை என்று நான் சொன்னபோது, "அப்ப ஆர் எனக்குக் குறிப்பு எழுதித் தாறது?" என்று கேட்டவள் நீ. அந்த ஒரு கேள்வியில் என் படிப்பு தீர்மானமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவர்களின் வகுப்பு வாழ்க்கையும் வழக்கங்களும். இதுதான் பேராசிரியை போன வருடக் கோடை விடுமுறைக்கு முன் கொடுத்த தலைப்பு. அந்தக் காலத்து மாணவர்கள் எப்படி ஒன்றாக இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், புதிதாக வந்தவனை என்ன செய்தார்கள், ஒருவன் செத்துப்போனால் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிக்கொண்டு வரச்சொன்னார். இரண்டு இரண்டு பேராகச் செய்யலாம் என்றார். அவர் சொல்லி முடிக்க முன்னரே நீ என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாய்.

மத்தேயோவை நினைவிருக்கிறதா? எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவன். அவன் இந்த ஊர் மாணவர்களை எடுத்தான். புதிதாகச் சேர்ந்தவனைப் பழையவர்கள் மேசைமேல் ஏற்றி, தலையும் வாலும் இல்லாத பிரசங்கம் ஒன்றைச் செய்யச்சொல்வார்களாம். முடிந்ததும் அவன் காசிலேயே எல்லாரும் குடிப்பார்களாம். வகுப்பே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் என் காதுக்குள் சொன்னாய்: "நாங்கள் யாழ்ப்பாணத்தை எடுப்பம்."

"அங்கை அந்தக் காலத்திலை கொலிஜ் இருந்ததோ?" என்று கேட்டேன். நீ பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இருந்தது. மிஷன்காரர் நடத்திய கல்லூரி. அதன் பழைய அறிக்கைகளை யாரோ புண்ணியவான் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அந்தக் கோடை முழுக்க நீ பகலில் மொண்டெல்லோவில் கடற்கரைக் குடை விரிக்கும் வேலை செய்தாய். பஸ்ஸில் ஒன்றாகத் திரும்பி வரும்போது, கையில் ஒட்டியிருந்த மணலைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனில் அந்த அறிக்கைகளை எனக்கு வாசித்துக் காட்டுவாய்.

பையன்கள் குடுமியோடும் கடுக்கனோடும் வந்து சேர்ந்தார்கள். பாயில் படுத்தார்கள், மணி அடித்தால் எழுந்தார்கள், கிரகணம் எப்போது வரும் என்று கணக்குப் போடப் படித்தார்கள். ஆனால் கல்லூரி வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று ஒரே பிடியாக நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், வேறொருவர் காணியில், தனிக் குசினி கட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. சூரியனையும் சந்திரனையும் படித்துவிட்டு, சாப்பிட மட்டும் வேலியைத் தாண்டிப் போனார்கள். "எங்கடை ஆக்கள்தானடி, சந்தேகமே இல்லை" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

ஆனால் உன்னைப் பிடித்துக்கொண்டது பெயர் வைக்கிற வழக்கம்தான். ஒரு பையனின் படிப்புச் செலவைக் கடல் கடந்த நாட்டில் யாரோ ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக அவர்கள் சொல்கிற பெயரைப் பையனுக்கு வைப்பார்கள். இறந்துபோன மகனின் பெயர், தங்கள் ஊர்ப் பாதிரியாரின் பெயர், யாருடையதாவது. வேலனாக வந்தவன் வகுப்பில் வேறொருவனாக இருப்பான். அவன் இடையில் காய்ச்சல் வந்து இறந்துபோனால், பணம் அனுப்புகிறவர்களின் மனம் நோகக்கூடாதே என்று, அதே பெயரை அடுத்து வந்த பையனுக்கு வைத்துவிடுவார்கள். அதே பாய், அதே வாங்கு, வகுப்பு இடாப்பில் அதே பெயர்.

இதைச் சொல்லிவிட்டு நீ பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரித்தாய். முன்னால் இருந்த மனுசி திரும்பிப் பார்த்தார். "மச்சாள், நானும் அந்தக் கொலிஜிலைதானடி படிக்கிறன். நான் நாலாவது நினா" என்றாய்.

அது லிபெர்த்தா வீதியில் நீ பின்னேரங்களில் வேலைக்குப் போன வீட்டுக் கதை. அந்த வீட்டு வயதான அம்மாவை நாங்கள் சிஞ்ஞோரா என்போம், கண் பார்வை மங்கிவிட்டது, ஞாபகமும் விட்டு விட்டுத்தான் வரும். அவர் கலியாணம் முடித்த புதிதில் மலைப்பக்கத்து ஊரிலிருந்து நினா என்ற பெட்டை வேலைக்கு வந்தாள். அவள் போன பிறகு மொறீசியஸ் தேவி அன்ரி. தமிழ்ப் பரம்பரை, தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூச விரதம் தவற மாட்டார். அவரையும் சிஞ்ஞோரா நினா என்றுதான் கூப்பிட்டார். அடுத்தது மாமி. நேசமலர் என்ற பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "நினா சுலபம்" என்றாராம். முழங்கால் நோவினால் மாமி நின்றதும் நீ போனாய். உன்னிடம் அவர் பெயரே கேட்கவில்லை.

உனக்குக் கோபம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது. "எனக்கும் பேர் இருக்கெண்டு போய்ச் சொல்லடி" என்று குதித்தேன்.

"சொல்லலாம்தான். ஆனால் மனுசி நல்லவ. அவ கூப்பிட நான் ஓம் எண்டு சொல்லி, இப்ப அவவும் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுறா. ஆர் ஆரை மாத்தினது, சொல்லு பாப்பம்?"

உன்னோடு கதைத்து வெல்ல முடியாது. அன்றைக்கும் முடியவில்லை.

உன் பாதியின் கடைசிப் பக்கத்தில் நீ ஒரேயொரு கேள்வியை எழுதிவிட்டு, கீழே இடம் விட்டிருந்தாய். இறந்தவனின் பெயரை வாங்கிக்கொண்ட பையனை முதல் நாள் இடாப்பில் கூப்பிட்டபோது, பதில் சொல்ல அவன் எவ்வளவு நேரம் எடுத்திருப்பான்? "இதுக்கு அறிக்கையிலை பதில் இல்லை. யோசிச்சுத்தான் எழுதவேணும்" என்றாய். யோசிக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. சிஞ்ஞோராவுக்கு இடி என்றால் பயம். போன் எடுத்து, வேளைக்கு வரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். "பஸ்ஸிலை போவன்" என்று மாமி சொல்ல, "பஸ் பிந்தும் அம்மா, மனுசி பயந்துபோய் இருக்கும், கெதியாப் போட்டு வாறன்" என்று சொல்லி நீ ஸ்கூட்டரை எடுத்தாய். மழையில் நனைந்த கல்லில் சில்லு வழுக்கியது. யார் மேலும் பிழை இல்லை என்றார்கள். யார் மேலாவது பிழை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், தெரியுமா? கத்துவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

நீ வந்ததும் தலை துவட்ட வேண்டும் என்று மாமி உன் கதிரையில் துவாய் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அதை எடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள்கூட அந்தக் கதிரையில் இருக்காமல் நின்றார்கள்.

எங்கள் வகுப்பு முழுக்க வந்தது. மத்தேயோ தேடிப் பிடித்த வழக்கம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கூடப் படித்தவன் இறந்தால், வகுப்புப் பெடியங்கள் கையில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு பெட்டியைத் தோளில் தூக்குவார்களாம், வருட முடிவுவரை அவன் இடத்தில் யாரும் இருக்க மாட்டார்களாம். எல்லாரும் நாடா கட்டியிருந்தார்கள். பெட்டியின் ஒரு பக்கம் என் அப்பா, மறுபக்கம் மத்தேயோ. மேசைமேல் ஏற்றுகிற கதை சொல்லிச் சிரிப்பித்த அதே மத்தேயோ, மூக்கைத் துடைக்கக் கை இல்லாமல் அழுதுகொண்டு வந்தான். "ஆர் பிள்ளை உந்தப் பெடியன்?" என்று மாமி கேட்டார். எங்களோடு படிக்கிறவன் என்றேன். வேறு என்ன சொல்லி அவனை விளங்கப்படுத்துவது?

உன் இடத்தையும் காலியாகத்தான் வைத்திருந்தோம். தை மாதத்தில் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த பெட்டை ஒருத்தி, ஒன்றும் தெரியாமல் வந்து அதில் இருந்துவிட்டாள். எழும்பு என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, பேனை இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சிஞ்ஞோராவின் மகள் வந்திருந்தார். மெழுகுதிரி கொளுத்தினார், அழுதார். உண்மையாகத்தான் அழுதார், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பூசை முடிந்ததும் கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவருடைய இதயம் தாங்காது. ஒவ்வொரு நாளும் நினா எங்கே என்று கேட்கிறார். நீ ஒருமுறை வந்து பார்ப்பாயா?"

நான் வேலைக்கென்று போகவில்லை, நிறோ. நீ இல்லை என்பதை அந்த மனுசிக்கு யாராவது மரியாதையாகச் சொல்ல வேண்டும், உன் பெயர் நிறோஜினி என்பதையும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். மகள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வசனங்களைப் பஸ்ஸில் இத்தாலியனில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டார்.

சிஞ்ஞோரா யன்னலோரக் கதிரையில் இருந்தார். காலடி கேட்டதும் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நினா? எவ்வளவு நேரம்! எங்கே போயிருந்தாய்?"

"ஓம், சிஞ்ஞோரா" என்றேன்.

அவ்வளவுதான். பாடமாக்கியதில் ஒரு சொல்கூட வரவில்லை. அவர் சிரித்து, தன் பங்குக்கு "ஓம், ஓம்" என்று சொல்லி, கையை நீட்டித் தடவினார். நான் என் கையைக் கொடுத்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அன்றைக்கு மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய் மாமியின் மடியில் விழுந்து அழுதேன். இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன், அவர் என்னை நீ என்று நினைக்கிறார் என்றேன். மாமி அந்த நாட்களில் ஒருவரோடும் கதைப்பதில்லை. சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். என் தலையை நிமிர்த்தி, "கூப்பிட்டவவோ? நினா எண்டு?" என்று கேட்டார்.

"ஓம் மாமி."

"எப்பிடிக் கூப்பிட்டவ?"

சிஞ்ஞோரா மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பச் சொல்லச்சொன்னார், சொன்னேன்.

"நீ ஒண்டும் சொல்லிப்போடாதை பிள்ளை. எல்லா இடத்திலையும் என்ரை பிள்ளை செத்துப்போனாள். அந்த ஒரு வீட்டிலையெண்டாலும் அவள் இருக்கட்டும்."

நான் சண்டைக்காரி என்று ஊருக்கே தெரியும். உன் அம்மாவோடு இந்தச் சண்டையைப் பிடிக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

அன்றிலிருந்து பின்னேரங்களில் நான்தான் போகிறேன். மருந்து கொடுக்கிறேன், சூப் வைக்கிறேன், நகம் வெட்டிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் மாமி வாசலில் நிற்பார். "இண்டைக்கு என்னவாம் அவ?" சூப்பில் உப்புக் குறைவு என்று நினாவைப் பேசினார் என்று சொன்னால், "ஓம், அவளுக்கு உப்புப் போடக் கை வராது" என்று மாமி சிரிக்கிறார். உப்பைக் குறைத்தது நான். சில நாட்களில் எனக்கு உன்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். செத்துப்போன பிறகும் என்னைக்கொண்டு வேலை செய்விக்கிறாய் பார் என்று மனதுக்குள் உன்னைப் பேசுவேன். பிறகு பஸ்ஸிலேயே அழுவேன்.

போன வாரம் எங்கள் முறை வந்தது. முதல் பக்கத்தில் இரண்டு பெயரையும் போட்டேன், உன்னுடையதை மேலே. வேலி தாண்டிப்போய்ச் சாப்பிட்ட கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நீ எதிர்பார்த்த இடத்திலேயே சிரித்தார்கள். பிறகு பெயர் கதையை வாசித்தேன். "இருந்தாலும் இலவசமாகப் படித்தார்கள் அல்லவா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் கோபம் ஏறியது. ஆனால் நீ சொல்வதுபோல, "ஓம், நன்றாகவே படித்தார்கள், நல்ல உத்தியோகத்துக்கும் போனார்கள், அதுவும் உண்மைதான்" என்று பதில் சொன்னேன். உனக்குச் சந்தோசமா?

பிறகு நீ எடுத்து வைத்திருந்த அந்தத் தாயின் கதையை வாசித்தேன். மகனைப் பார்க்க அவர் தூரத்திலிருந்து நடந்து வந்தார். கல்லூரி வாசலில் நின்று, தான் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். வகுப்பில் விசாரித்தும் யாருக்கும் தெரியவில்லை, அந்தப் பெயரில் அவனை அங்கே ஒருவரும் அறியவில்லை. கொண்டுவந்த பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மாமியின் முகம் வந்துவிட்டது. அந்தத் தாய்க்குத் தான் வைத்த பெயரில் மகன் கிடைக்கவில்லை. மாமிக்குத் தான் வைக்காத பெயரில் மட்டும்தான் மகள் கிடைக்கிறாள். இதை வகுப்பில் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். உன் கேள்வியை வாசித்தேன். கீழே நீ விட்ட இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. "அப்படியென்றால், எவ்வளவு நேரம் எடுத்திருப்பான்?" என்று மத்தேயோ கேட்டான்.

"நேரமே எடுத்திருக்க மாட்டான். உடனே பதில் சொல்லியிருப்பான்" என்றேன்.

"அது எப்படித் தெரியும்?"

கூப்பிடுகிற ஆள் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று எப்படிச் சொல்ல? தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து இருந்தேன். உன் இடத்தில் இருந்த புதுப் பெட்டை எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

இப்போது மாமியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்கிறேன்.

ஆடியில் எனக்குப் பட்டம். இந்த ஊர் வழக்கப்படி தலையில் இலைவளையம் வைத்துப் படம் எடுப்பார்கள், பக்கத்தில் நீ இருக்க மாட்டாய். அதற்குப் பிறகு வடக்கே போய் மேலே படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இது தெரிந்ததும் சிஞ்ஞோராவின் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்படியானால் அடுத்தது யார்? நினாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் அல்லவா?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர் மாமிக்கே போன் எடுத்துவிட்டார். மாமியும் ஓம் என்று சொல்லிவிட்டார். "வேலை வெளியிலை போகக்கூடாது பிள்ளை. றொசானாவுக்கும் அவளின்ரை குரல்தானே. மனுசிக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

உன் செல்லத் தங்கச்சி றொசானா படியில் என்னை மறித்தாள். பள்ளிக்கூடப் பை தோளிலேயே இருந்தது. "டிலக்சி அக்கா, அவ என்னை நினா எண்டு கூப்பிட நான் என்னெண்டு ஓம் சொல்லுறது? அது அக்கான்ரை பேர். என்னாலை ஏலாது. அம்மாட்டைச் சொல்லவும் ஏலாது. கேளுங்கோவன், மா கோமெ ஃபாச்சோ?" நான் என்னதான் செய்ய என்று இத்தாலியனில் அழுதாள். அவள் அழும்போது மூக்கு உன்னைப் போலவே சிவக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

நேற்று இங்கே திரும்பவும் நல்ல மழை. நீ போன பிறகு எத்தனையோ மழை பெய்ததுதான், ஆனால் இடியோடு பெய்தது நேற்றுத்தான். முதல் இடிக்கே சிஞ்ஞோரா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

"நினா, அன்றைக்கும் இப்படித்தான் மழை. நான்தான் உன்னை வரச்சொன்னேன். இந்த யன்னலிலேயே இருந்து காத்திருந்தேன், நீ வரவே இல்லை. அவ்வளவு மழையில் ஒரு பிள்ளையை வரச்சொல்லியிருக்கக் கூடாது." என் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார். "நனைந்துபோனாயா?"

நிறோ, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உரிமை உள்ளவள் உலகத்தில் நீ ஒருத்திதான். நான் யார்? அவர் என்னை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பார்வை மங்கிய அந்தக் கண்களில் அவ்வளவு பயம்.

"இல்லை, சிஞ்ஞோரா. நனையவில்லை."

"நல்லது" என்றார். "நான் மிகவும் பயந்துபோனேன்." கொஞ்ச நேரத்தில் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்.

மாமிக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று பஸ்ஸில் தவித்தேன். வாசலில் நின்று கேட்டார், சொல்லிவிட்டேன். ஒன்றும் மறைக்கவில்லை. மாமி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நனையேல்லையெண்டே சொன்னனீ?"

"ஓம் மாமி."

"குளிரேல்லையாமோ அவளுக்கு?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். "இல்லை மாமி. குளிரேல்லை" என்றேன்.

மாமி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். கார்த்திகையிலிருந்து உன் கதிரையில் கிடந்த துவாயை எடுத்து, நான்காக மடித்து, அலுமாரிக்குள் வைத்தார். பிறகு அந்தக் கதிரையில் தானே இருந்துகொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இதைப் பார்த்த பிறகு நான் எப்படி வடக்கே போவேன்? றொசானாவை எப்படி அந்த யன்னலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்? நாளைக்கு இன்னொரு மழையில் அதே கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டால், அவள் என்ன சொல்வாள்?

மாமி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், றொசானாவை அனுப்பாதேங்கோ. வேலை குடும்பத்துக்கு வெளியில் போகாது. நான் நிற்கிறேன்.

நிறோ, நான் பெரிய தியாகம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்கள் ஓம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, சிஞ்ஞோரா இருக்கும்வரை அந்த வீட்டுக்குப் போகிறவள் நான்தான். எனக்குப் பிறகு அந்தப் பெயரில் யாரையும் கூப்பிட விடமாட்டேன். நினா என்னோடு முடியட்டும். அதுவரைக்கும், மழை பெய்கிற நாட்களில் யார் கேட்டாலும், நீ நனையவில்லை என்று சொல்ல நான் இருப்பேன்.

முதலாம் மாடியில் இருக்கும்,
உன் மாமன் மகள், உன் மச்சாள்
டிலக்சி